ஹெலன் பெயரில் ஒரு வீடு

குணமாகாத நோயுள்ள குழந்தைகளுக்கு என்ன செய்வது? வழி காட்டினார் ஒரு கன்னியாஸ்திரி

இங்கிலாந்து நாட்டில் ஹெலன் என்று ஒரு பெண் குழந்தை. 1978-ம் ஆண்டில் அவளுக்கு வயது 2½. துறுதுறுப்பான குழந்தை. ஓடி ஆடி விளையாடும் குழந்தை.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் அவள் திடீர் என்று நோயில் விழுந்தாள். பெற்றோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மூளையில் ஒரு கட்டி!

ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்தார்கள். குழந்தையின் உயிர் தங்கியது. ஆனால் மூளை பலமாகப் பழுதுபட்டுவிட்டது.

ஹெலனால் பேச முடியவில்லை. நடக்க முடியவில்லை. தன் கையால் எடுத்து ஒரு வாய் உண்ண முடியவில்லை. எல்லாவற்றுக்கும் பிறர் கை வேண்டும்.

மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இனிமேல் குணப்படுத்த வழி இல்லை என்று தெரிந்தது. பெற்றோர் மகளை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

அந்தக் குழந்தையின் பெயரில் பிறகு ஒரு வீடு எழுந்தது. அதைப் பார்த்து உலகின் பல நாடுகளில் அதே மாதிரி வீடுகள் எழுந்தன. அந்தக் கதைதான் இது.

இரவும் இல்லை, பகலும் இல்லை

குணமாகாத குழந்தையை வீட்டில் வைத்துப் பார்ப்பது எவ்வளவு பாடு என்பது, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நேரத்துக்கு மருந்து கொடுக்க வேண்டும். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். புரை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலிப்பு வந்தால் உடனே கவனிக்க வேண்டும். இரவில் நாலு தடவை, ஐந்து தடவை எழுந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் என்றால் தாங்கலாம். ஒரு மாதம் என்றாலும் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். ஆண்டுக் கணக்கில் என்றால்?

தாய் களைத்துப் போவாள். தகப்பனாருக்கு வேலையில் மனம் ஓடாது. வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால், அவர்களைக் கவனிக்க ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் முதலில் வருவார்கள். பிறகு, என்ன பேசுவது என்று தெரியாமலே வருவதைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஹெலனின் பெற்றோர் மகளை உயிருக்கு உயிராக நேசித்தார்கள். அவளை எங்கேயாவது விட்டுவிட அவர்களுக்கு விருப்பம் இல்லை. ஆனால் மனித உடம்புக்கு ஓய்வு வேண்டுமே!

உதவிக்கு வந்த கன்னியாஸ்திரி

ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு கன்னியர் மடம் இருந்தது. அதன் தலைவி பிரான்சஸ் டொமினிக்கா. 1942-ம் ஆண்டில் பிறந்தவர். லண்டனில் உள்ள புகழ்பெற்ற கிரேட் ஆர்மண்டு தெரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்சு பயிற்சி பெற்றவர். பிறகு துறவு பூண்டு மடத்தில் சேர்ந்தார்.

ஹெலன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அந்தக் குடும்பம் பிரான்சசுக்குப் பழக்கம் ஆகிவிட்டது. அவர் அடிக்கடி போய்க் குழந்தையைப் பார்த்து வந்தார்.

ஹெலன் வீட்டுக்கு வந்த பிறகு, பெற்றோரின் களைப்பை அவர் கண்டார். ஹெலனைச் சில நாட்கள் தன்னிடம் விடும்படி கேட்டார். அந்த நாட்களில் பெற்றோர் தூங்கி எழட்டும் என்றார்.

பெற்றோர் சம்மதித்தார்கள். ஹெலன் மடத்துக்கு வந்தாள். பிரான்சஸ் அவளைத் தம் அறையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். சில நாட்கள் கழித்துப் பெற்றோர் வந்து மகளை அழைத்துப் போனார்கள். பிறகும் அவ்வப்போது ஹெலன் வந்து தங்கினாள்.

இந்தச் சிறிய உதவி அந்தக் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியது. அப்போது பிரான்சசுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஹெலனைப் போல எத்தனை குழந்தைகள் இருப்பார்கள்? அவர்கள் பெற்றோருக்கு யார் இருக்கிறார்கள்?

ஹெலனின் பெற்றோருடன் கலந்து பேசினார். மடத்துத் தோட்டத்திலேயே ஒரு வீடு கட்டுவது என்று முடிவாயிற்று. பொதுமக்கள் பணம் கொடுத்தார்கள். 1982-ம் ஆண்டு நவம்பர் மாதம் வீடு திறக்கப்பட்டது. அதற்கு "ஹெலன் ஹவுஸ்" (ஹெலன் வீடு) என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தைகளுக்கு என்றே தனியாக ஏற்பட்ட முதல் "ஹாஸ்பீஸ்" அதுதான். உலகத்திலேயே முதலாவது!

சத்திரம் என்ற பொருள்

"ஹாஸ்பீஸ்" என்றால் என்ன? பழைய காலத்தில் ஐரோப்பாவில் யாத்திரை போகிறவர்கள் தங்கி இளைப்பாறும் இடத்துக்கு அந்தப் பெயர். நம் ஊர்ச் சத்திரம் மாதிரி.

இந்தக் காலத்தில் அதற்கு வேறு பொருள். தீராத நோய் உள்ளவர்களை வலி இல்லாமல், மரியாதையோடு பார்த்துக்கொள்ளும் இடம்.

பெரியவர்களுக்கு இந்த வழியைக் காட்டியவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். அவர் முதலில் நர்சு. பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைக் கவனிக்கும் ஊழியர். அதன் பிறகு படித்து டாக்டர் ஆனார்! 1967-ம் ஆண்டில் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பீசைத் தொடங்கினார்.

"வலி உடம்பில் மட்டும் இல்லை. மனத்திலும் இருக்கிறது. குடும்பக் கவலையிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தணிக்க வேண்டும்" என்பது அவருடைய கொள்கை. இதைத்தான் டாக்டர்கள் "பாலியேட்டிவ் கேர்" என்கிறார்கள். தணிப்புச் சிகிச்சை என்று சொல்லலாம்.

வார்டு இல்லை, யூனிபாரம் இல்லை

ஹெலன் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது என்று பிரான்சஸ் முதலிலேயே தீர்மானித்துவிட்டார்.

அங்கே நீளமான வார்டு கிடையாது. எட்டுக் குழந்தைகளுக்கு எட்டு அறைகள். நர்சுகளுக்கு யூனிபாரம் கிடையாது; வீட்டில் உடுத்துவது போன்ற சாதாரண உடைதான். கட்டணமும் கிடையாது. பொதுமக்கள் தரும் நன்கொடையில்தான் பெரும்பாலும் நடக்கிறது.

குழந்தையோடு தாய் தகப்பனாரும் தங்கலாம். அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளும் வரலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதால், தாய் நிம்மதியாகத் தூங்கலாம். தகப்பனார் மற்றப் பிள்ளைகளோடு வெளியே போய் வரலாம்.

"அங்கே போனால் சாகத்தான் போகிறது" என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் சில நாட்கள் தங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். மறுபடியும் வருகிறார்கள். சிலர் இப்படிப் பல ஆண்டுகள் வந்து போகிறார்கள்.

குழந்தை இறந்துபோனால், உடலை உடனே எடுத்துக்கொண்டு போவது இல்லை. அதற்கு என்று ஒரு குளிர்ந்த அறை இருக்கிறது. "சின்ன அறை" என்று பெயர். அங்கே குழந்தையைப் படுக்கையில் கிடத்தி வைப்பார்கள். அடக்கம் நடக்கும் வரை குடும்பத்தார் எப்போது வேண்டுமானாலும் வந்து பக்கத்தில் உட்காரலாம். இரவு 2 மணிக்கும் வரலாம். யாரும் அவசரப்படுத்துவது இல்லை.

அதோடு உறவு முடிவதும் இல்லை. குழந்தை போன பிறகும் குடும்பத்துக்கு ஆறுதலும் உதவியும் உண்டு.

எந்தக் குழந்தைகளுக்கு?

இந்தச் சிகிச்சை புற்றுநோய்க்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. 1997-ம் ஆண்டில் இங்கிலாந்து டாக்டர்கள் இதை நாலு வகையாகப் பிரித்துச் சொன்னார்கள்.

முதல் வகை: குணமாகவும் கூடும், குணமாகாமல் போகவும் கூடும் என்ற நோய்கள். புற்றுநோய் இந்த வகை.

இரண்டாவது வகை: ஆயுள் குறைவுதான் என்றாலும், நல்ல சிகிச்சையால் பல ஆண்டுகள் வாழக்கூடிய நோய்கள். பையன்களின் தசைகள் ஆண்டுக்கு ஆண்டு பலம் இழக்கும் ஒரு தசை நோய் உண்டு. அது இந்த வகை.

மூன்றாவது வகை: நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகும், மருந்து இல்லாத நோய்கள். பிறவியிலேயே வரும் சில மூளை நோய்கள் இதில் சேரும்.

நாலாவது வகை: நோய் வளராது, ஆனால் மூளைக்கு ஏற்பட்ட பழுது தீராது. அதனால் அடிக்கடி சளிக் காய்ச்சல், வலிப்பு என்று ஆபத்து வந்துகொண்டே இருக்கும்.

1998-ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் இன்னொரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது. நோய் தெரிந்த அன்றைக்கே தணிப்புச் சிகிச்சை தொடங்க வேண்டும். குணப்படுத்தும் வைத்தியம் ஒரு பக்கம் நடக்கட்டும். வலியைத் தணிக்கும் வைத்தியம் மறு பக்கம் நடக்கட்டும். இரண்டும் கூடவே போகலாம் என்றது.

ஆகவே தணிப்புச் சிகிச்சை என்றால் "கைவிட்டுவிட்டார்கள்" என்று அர்த்தம் அல்ல.

"குழந்தைக்கு வலி தெரியாது"

ஒரு காலத்தில் பிறந்த குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று டாக்டர்களே நம்பினார்கள்! பச்சைக் குழந்தைகளுக்குப் போதுமான மயக்க மருந்தோ, வலிநீக்கி மருந்தோ கொடுக்காமல் ஆபரேஷன் செய்தார்கள். அசையாமல் இருக்க மட்டும் மருந்து கொடுத்தார்கள்.

இந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் ஒருவர் இந்திய டாக்டர். பெயர் கன்வல்ஜீத் ஆனந்த். இந்தூர் நகரில் டாக்டருக்குப் படித்தவர். மேல் படிப்புக்கு ஆக்ஸ்போர்டு போனார். ஹெலன் வீடு இருக்கும் அதே ஆக்ஸ்போர்டுதான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் ஆபரேஷனுக்குப் பிறகு மிகவும் மோசமான நிலையில் திரும்பி வருவதை அவர் கவனித்தார். ஏன் என்று ஆராய்ந்தார். ஆபரேஷனின்போது சில குழந்தைகளுக்குப் பலமான வலிநீக்கி மருந்து கொடுக்கப்பட்டது. மற்றக் குழந்தைகளுக்கு வழக்கமான முறை. மருந்து பெற்ற குழந்தைகள் நல்ல நிலையில் இருந்தார்கள். பெறாதவர்களுக்கு உடல் அதிர்ச்சியும் கோளாறுகளும் அதிகமாக இருந்தன.

1987-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. டாக்டர்கள் தங்கள் முறையை மாற்றிக்கொள்ள அது ஒரு காரணம் ஆயிற்று.

ஆறு முகங்கள்

சரி, சின்னக் குழந்தைக்கு எவ்வளவு வலி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்காவில் டல்சா நகரில் 2 பெண்மணிகள் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். ஆறு முகங்களைப் படமாக வரைந்தார்கள். முதல் முகம் சிரிக்கும். கடைசி முகம் கண்ணீர் விடும். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வாடும் முகங்கள். "உனக்கு வலிப்பது எந்த முகம் மாதிரி?" என்று கேட்டால், 3 வயதுக் குழந்தைகூட விரலால் தொட்டுக் காட்டிவிடும்!

பேச முடியாத குழந்தைக்கு இதுவும் பயன்படாது. அங்கே தாய்தான் டாக்டருக்கு வழிகாட்டி. எந்த அழுகை பசி, எந்த அழுகை வலி என்று தாய்க்குத் தெரியும். நெற்றி சுருங்குகிறதா, காலை மடக்குகிறதா, தொட்டால் விறைக்கிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அபினியில் ஒரு வரம்

கடுமையான வலிக்குச் சிறந்த மருந்துகளில் ஒன்று மார்பின். அபினியில் இருந்து எடுப்பது. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி.

மார்பின் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். "குழந்தை மருந்துக்கு அடிமை ஆகிவிடுமே!" என்கிறார்கள். டாக்டர் கண்காணிப்பில், வலிக்குத் தக்க அளவு கொடுத்தால் அந்தப் பயம் மிகக் குறைவு. ஊசி போட வேண்டும் என்பதும் இல்லை. சர்பத் மாதிரி வாய் வழியாகக் கொடுக்கலாம். மலச்சிக்கல் வரும். அதற்கும் கூடவே மருந்து கொடுப்பார்கள்.

முக்கியமான விதி ஒன்று உண்டு. வலி வந்து குழந்தை துடித்த பிறகு கொடுப்பது அல்ல. கடிகாரத்தைப் பார்த்து, வலி வரும் முன்பே கொடுக்க வேண்டும். சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் பெரியவர்களிடம் நிரூபித்துக் காட்டிய முறை இதுதான்.

குழந்தையிடம் சொல்லலாமா?

பெற்றோரின் மனத்தை அறுக்கும் கேள்வி இது. பிள்ளைக்கு உண்மையைச் சொல்லலாமா? மறைக்கலாமா?

அமெரிக்காவில் மைரா புளூபாண்டு-லாங்னர் என்ற பெண் ஆராய்ச்சியாளர், இரத்தப் புற்றுநோய் கொண்ட சின்னப் பிள்ளைகளோடு பழகிப் பார்த்தார். 1978-ம் ஆண்டில் அதைப் புத்தகமாக எழுதினார். யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளைகள் தங்கள் நிலையைத் தெரிந்துகொண்டிருந்தார்கள். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஏன்? தெரிந்தால் தாயும் தகப்பனாரும் அழுவார்களே என்று!

பெற்றோர் பிள்ளைக்காக மறைத்தார்கள். பிள்ளை பெற்றோருக்காக மறைத்தது. இரு பக்கமும் தனித்தனியாகத் துயரப்பட்டார்கள்.

சுவீடன் நாட்டில் இன்னொரு ஆராய்ச்சி நடந்தது. புற்றுநோயால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரைக் கேட்டார்கள். 2004-ம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. மரணத்தைப் பற்றிப் பிள்ளையோடு பேசியவர்கள் 147 பேர். அவர்களில் "ஏன் பேசினோம்" என்று வருந்தியவர் ஒருவர்கூட இல்லை. பேசாதவர்கள் 258 பேர். அவர்களில் 69 பேர், "பேசாமல் இருந்துவிட்டோமே" என்று வருந்தினார்கள்.

இதனால், எல்லாப் பிள்ளையிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று பொருள் அல்ல. பிள்ளை கேட்டால் பொய் சொல்லக் கூடாது. கேட்ட அளவுக்கு, வயதுக்குத் தக்கபடி, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். "என்ன நடந்தாலும் நாங்கள் உன் கூடவே இருப்போம்" என்ற வார்த்தை பிள்ளைக்குப் பெரிய தைரியம்.

வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. "நான் சண்டை போட்டதால்தான் தம்பிக்கு நோய் வந்தது" என்று சின்ன மனம் நினைத்துக்கொள்ளும். "அது உன்னால் வந்தது அல்ல" என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும்.

பரவிய விளக்கு

ஹெலன் வீட்டைப் பார்த்து இங்கிலாந்தின் மற்ற ஊர்களிலும் குழந்தை ஹாஸ்பீசுகள் வந்தன. 1987-ம் ஆண்டில் யார்க்ஷயரில் மார்ட்டின் ஹவுஸ் திறக்கப்பட்டது. கனடாவின் வான்கூவர் நகரில் 1995-ம் ஆண்டிலும், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2001-ம் ஆண்டிலும் குழந்தைகளுக்கான ஹாஸ்பீசுகள் திறக்கப்பட்டன.

மருத்துவம் முன்னேறியதால், ஹெலன் வீட்டுக்கு வந்த சில பிள்ளைகள் வளர்ந்து வாலிபர் ஆனார்கள். அவர்களுக்காக 2004-ம் ஆண்டில் பக்கத்திலேயே டக்ளஸ் ஹவுஸ் என்ற வீடு கட்டினார்கள். பணத் தட்டுப்பாட்டால் 2018-ம் ஆண்டில் அதை மூட வேண்டியதாயிற்று. அன்பு இருந்தாலும் பணமும் வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

2014-ம் ஆண்டில் உலக நாடுகள் ஒன்றுகூடி, தணிப்புச் சிகிச்சையை எல்லா நாடுகளும் பொது மருத்துவத்தில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டன.

நம் நாட்டில்

இந்தியாவில் முதல் ஹாஸ்பீஸ் 1986-ம் ஆண்டில் பம்பாயில் ஏற்பட்டது. சாந்தி ஆவேதனா சதன் என்று பெயர். பிறகு 1993-ம் ஆண்டில் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார்கள். கேரளத்தில் ஊருக்கு ஊர் தொண்டர்கள் கிளம்பினார்கள். கட்டடம் கட்டிக்கொண்டு நோயாளிக்காகக் காத்திருக்கவில்லை. நோயாளியின் வீட்டுக்கே போனார்கள்.

ஒரு பெரிய தடை இருந்தது. அபினியை இந்தியாவிலேயே அரசு அனுமதியோடு பயிர் செய்கிறார்கள். ஆனால் 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கெடுபிடி அதிகம். பல ஆஸ்பத்திரிகள் மார்பின் வாங்குவதையே விட்டுவிட்டன. 2014-ம் ஆண்டில் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. வழி திறந்தது. என்றாலும், எல்லா ஊருக்கும் மருந்து போய்ச் சேரவேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அக்கம் பக்கத்தார் செய்யக்கூடியது

குணமாகாத குழந்தை உள்ள வீடு உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

அந்த வீட்டுக்குப் போங்கள். "எல்லாம் விதி" என்று சொல்ல வேண்டாம். "அந்த வைத்தியரிடம் போனீர்களா, இந்த ஊருக்குப் போனீர்களா" என்று கேட்கவும் வேண்டாம். குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு கொண்டு போங்கள். மற்றப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுங்கள். "2 மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போய்த் தூங்கு, அம்மா" என்று தாயிடம் சொல்லுங்கள்.

பிரான்சஸ் டொமினிக்கா முதலில் செய்ததும் அவ்வளவுதான். அப்போது அவரிடம் கட்டடம் இல்லை, நிதி இல்லை. களைத்துப்போன ஒரு தாயிடம் இருந்து குழந்தையை வாங்கித் தம் அறையில் வைத்துக்கொண்டார்.